தரைக்குக் கீழே மூன்று வரி

தேர் ஜுமேஸ்
தூபா மாதம் 9, ஜனவரி 1966

கெய்ரோ பழம்பொருள் காட்சிசாலையில் கல்வேலை பார்க்கும் என் தம்பி பிஸந்திக்கு, அக்கா லபீபா வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து தவாத்ரோஸ் எழுதுவது.

நான் சுகம். கண் மட்டும் மங்கல். மாவில் எறும்பு கிடந்தால் தெரிவதில்லை. தின்கிறவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, எறும்புதான் பாவம். கழுதைக்குப் பின்னங்கால் புண் ஆறிவிட்டது. உன் வீட்டில் எல்லாரும் சுகமா? இருமலுக்கு வெங்காயச் சாறு குடிக்கிறாயா, இல்லை டாக்டருக்குத்தான் அழுகிறாயா?

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். என் மகள் வர்தாவுக்கு நாலு மாசம் முடிந்து ஐந்து நடக்கிறது. முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளே தபீதாவின் கல்லில் அவளை முதுகு சாய்த்து உட்கார வைக்கிறேன். ஏழாம் மாசத்திலிருந்து தினமும். நம் அம்மா உன்னைச் சுமந்தபோது அதில்தான் சாய்ந்தாள். இன்னும் இரண்டு நாள் கூடுதலாகச் சாய்ந்திருந்தால் இவனுக்குப் புத்தியும் சேர்ந்து வந்திருக்கும் என்று அப்பா சொல்வார். அது வேறு கதை.

கெட்ட சேதி இது. செவ்வாய்ச் சந்தையில் பக்கத்து ஊர் நஜா ஸாலிம்காரி ஹனூனா என் வழியை மறித்தாள். உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாளே, அவள்தான். இப்போது முன்பல் நாலும் இல்லை. நீ தப்பித்தாய். அத்தனை பேர் முன்னால் கேட்டாள்:

"ஏன் லபீபா, உங்க தபீதா கல்லு உங்க தாத்தா கொத்துனதாமே? மிச்சக் கல்லுல மாவு அரைக்கத் திருகையும் செஞ்சுக்கிட்டாராமே?"

"ஆமாடி, உன் பல்லைக் கொத்துனதும் அவருதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வெங்காயம் வாங்கப் போனவள் வெங்காயத்தை மறந்து வந்துவிட்டேன்.

இந்த வாரம் பழம்பொருள் இலாகாவிலிருந்து கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் கோயிலுக்கு வந்தார். பழைய சாமான்களுக்குப் பட்டியல் எடுக்கிறார்களாம். கல்லைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். "இது அசலா போலியான்னு மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். நம் குருவானவர் அபூனா யஸ்ஸாவுக்குத் தாடி நடுங்கியது.

மேலே இருப்பது நீதானே. உன் பெரியவர்களிடம் சொல். தபீதா இந்த ஊரில் முதன்முதல் ஞானஸ்நானம் வாங்கிய மருத்துவச்சி. ரோம ராயனின் சிப்பாய்கள் அவளைக் கொன்றார்கள். அவள் கையில் பிறந்த பிள்ளைகள் சேர்ந்து வைத்த கல் அது. அசல்தான் என்று வட்ட முத்திரை குத்தி ஒரு காகிதம் வாங்கி அனுப்பு. கண்ணாடி போட்டுக் கோயிலில் மாட்டுவேன். ஹனூனாவைக் காதைப் பிடித்து இழுத்துவந்து காட்டுவேன்.

உன் நெற்றிக்கு முத்தம். ரயிலடியிலிருந்து தபால் பை கொண்டுவரும் வேலையையும் இப்போது தவாத்ரோஸே பார்க்கிறார். மலைக் கல்லறைக் காவலுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த இலாகா கொடுத்த பித்தளை வில்லையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். உனக்குச் சலாம் சொல்கிறார்.

லபீபா (கைநாட்டு)


கெய்ரோ
30 ஜனவரி 1966

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இருமல் இருக்கிறது. வர்தா சேதி கேட்டு மனம் குளிர்ந்தது. பாரம் தூக்க விடாதே.

தவாத்ரோஸ் அண்ணன் சத்தமாக வாசிப்பவர், கடமை தவறாதவர். அவருக்கு என் தனிச் சலாம்.

அந்தக் கல் பழையது அல்ல. அதில் உள்ள எழுத்து சமீபத்தில் வெட்டியது. என்னைக் கேட்டார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இதைப் பற்றி இனி யாரிடமும் பேச வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.

உன் கண்ணுக்கு இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். உடனே புறப்பட்டு வா. மற்றதை நேரில் பேசலாம். தனியாக வா.

தம்பி பிஸந்தி


தேர் ஜுமேஸ்
அம்ஷீர் மாதம் 2

பிஸந்திக்கு,

உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம். கழுதை சுகம்.

கெய்ரோவிலிருந்து கடிதம் என்றதும் முத்திரைக் காகிதம்தான் என்று நினைத்து, பூசை விட்டு வந்த சனத்தையெல்லாம் கோயில் முற்றத்தில் உட்கார வைத்தேன். இனிப்புத் தேநீர் கொடுத்தேன். தவாத்ரோஸ் கல்லறை மேட்டில் ஏறி நின்று வாசித்தார். "அந்தக் கல் பழையது அல்ல" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"படிக்கவா லபீபா?"

"படி."

படித்தார். படித்து முடித்ததும் டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். அபூனா மட்டும் என் பக்கத்தில் வந்து, "மவளே, உன் தம்பி குடிக்கிறானா?" என்று கேட்டார். இல்லை, அவனுக்கு வெறும் தேநீரே தலைக்கு ஏறும் என்றேன். வர்தா அந்த ஞாயிறு கல்லில் சாய உட்காரப் போனவள், சாயாமல் எழுந்து வந்துவிட்டாள். இது உன் கைவேலை.

சமீபத்தில் வெட்டியதாம். வெட்டியது யார், நீதானே. மறந்துபோயிற்றா? அப்பா சாகக் கிடந்தார், நீ ஊரை விட்டுப் போகிற வருஷம். நம் வீட்டு ஆண்பிள்ளை தலைமுறைக்கு ஒரு தடவை அந்த எழுத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று உன் கையில் உளியைத் தந்தார். மூன்று நாள் தண்ணீரும் ரொட்டியும். வாய் திறக்கக் கூடாது. பழைய பள்ளத்திலேயே உளி நடக்க வேண்டும், மயிரளவு வெளியே போகக் கூடாது. ஏழு வரியும் முடிந்ததும் விளக்குக் கரியும் எண்ணெயும் தேய்த்தாய். விழுந்த தூசியை நான் மடியில் ஏந்திச் சின்னப் பையில் கட்டி வைத்தேன், பிள்ளைத் தொட்டிலுக்கு. அப்பாவுக்கு அவர் அப்பா. அவருக்கு அவர் அப்பா. பாட்டன் முகம் பேரனுக்கு இருந்தால் பேரன் போலியா?

மூன்றாம் நாள் பசி தாங்காமல் நீ கோயில் ரொட்டியைத் திருடித் தின்றதையும் நான் பார்த்தேன். இருபது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். தவாத்ரோஸ் சிரிக்கிறார்.

அப்பாவைப் பித்தலாட்டக்காரன் என்று எழுதியவனுக்கு முத்தம் கிடையாது. காகிதம் அனுப்பு.

லபீபா


கெய்ரோ
20 பெப்ரவரி 1966

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், சுகம். தவக்காலம் தொடங்கிவிட்டது, வெறும் வயிற்றில் தேநீர் குடிக்காதே. தவாத்ரோஸ் அண்ணனுக்குச் சலாம்.

நீ சொன்னது சரி. ஏழு வரியையும் நான்தான் என் கையால் வெட்டினேன். அதைத்தான் இலாகாவுக்கும் எழுதிக் கொடுத்து, கீழே கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர்கள் நம்பிவிட்டார்கள். விசாரணைக் கோப்பை மூடப்போகிறார்கள்.

அக்கா, நம் செவலை மாடு ஞாபகமிருக்கிறதா? பாஷாவின் காரியக்காரன் மாடு பிடிக்க வந்த காலையில் அது ஏன் நொண்டியது என்று யோசித்துப் பார். அவசரப்படாமல் யோசி. தனியாக உட்கார்ந்து யோசி.

கண் டாக்டர் காத்திருக்கிறார். ஏன் இன்னும் வரவில்லை?

பிஸந்தி


தேர் ஜுமேஸ்
அம்ஷீர் மாதம் 24

பிஸந்திக்கு,

கோபத்தில்கூட ஒரு ஒழுங்கு வேண்டும். நான் கல்லைப் பற்றிக் கேட்டால் நீ மாட்டைப் பற்றி எழுதுகிறாய். என் கண்ணைப் பற்றி இவ்வளவு கவலை இருந்தால் இருபது வருஷத்தில் ஒரு தடவை வந்து பார்த்திருப்பாய்.

தவாத்ரோஸ் விடவில்லை. "அதென்ன மாடு லபீபா, சொல்லு" என்றார். சொன்னேன். பாஷாவின் ஆள் ஊரிலுள்ள நல்ல மாட்டையெல்லாம் ஓட்டிப்போகிற காலம். அப்பா விடிகாலை எழுந்து செவலையின் குளம்புப் பிளவில் ஒரு பேரீச்சங்கொட்டையைச் செருகிவிட்டார். அது மூன்று காலில் வந்து நின்றது. காரியக்காரன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "இந்த நொண்டிய எவன் கெய்ரோ வரைக்கும் ஓட்டுறது? நீயே வெச்சுக் கும்பிடு." பக்கத்து வீட்டு மாடு போயிற்று. செவலை அப்புறம் ஒன்பது கன்று போட்டது. ஏழாவது கன்றுக்கு நெற்றியில் சிலுவை மாதிரி சுழி இருந்தது. அதைப் பார்க்க ஆற்றுக்கு அக்கரையிலிருந்தெல்லாம் வந்தார்கள். அதுவும் வேறு கதை.

தவாத்ரோஸ் சிரித்த சிரிப்பில் தேநீர் காகிதத்தில் கொட்டிவிட்டது. இந்தக் கறை அதுதான். பிறகு பித்தளை வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தவாத்ரோஸ்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குக் கினா இலாகா ஆபீசுக்குப் போகணும். சம்பள நாளு."

நல்ல மனுஷன். நீ அவருக்கு அனுப்புகிற சலாமில் பாதியை எனக்கு அனுப்பியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

கேள். நீ இல்லாவிட்டால் வேறு ஆள் இல்லையா? அக்கரையில் ஒரு பிரெஞ்சுக்காரி மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள், மதாம் ஒதில். பழைய எழுத்தைப் படிப்பாளாம், சர்க்காரே அவள் பேச்சைக் கேட்குமாம். போய்ப் பார்த்தேன். வெயிலில் புளித்துப் பந்துபோல உப்பிய ரொட்டி நாலு கொண்டுபோனேன். வருகிறேன் என்றாள்.

மேலே ஏழு வரியை வெட்டிய சூரன் நீ. கல்லின் கால் மண்ணுக்குள் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? நான் சின்னவளாக இருந்தபோது வெள்ளம் வந்து கோயில் தரை உள்வாங்கியது. அப்போது பார்த்தேன், தரைக்குக் கீழே இன்னும் மூன்று வரி. அப்பா உடனே மண் போட்டு மூடிப் பலகைக் கல் பதித்துவிட்டார். அதில் யார் உளியும் பட்டதில்லை. அதைத் தோண்டிக் காட்டப்போகிறேன். அப்புறம் பார்ப்போம், யார் போலி என்று.

லபீபா


கெய்ரோ
8 மார்ச் 1966

அக்கா,

தரையைத் தோண்டாதே. அப்பாமேல் ஆணை. வர்தா வயிற்றுப் பிள்ளைமேல் ஆணை என்று எழுதக் கை வந்தது, எழுதவில்லை. அபூனாவிடம் சொல்லிக் கோயிலைப் பூட்டச் சொல். அந்த மதாமிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அந்த மூன்று வரியைப் பற்றி எனக்குத் தெரியாது, அப்பா சொல்லவே இல்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

தவாத்ரோஸ் அண்ணன் கினாவில் யாரையெல்லாம் பார்த்தார்?

லீவு கேட்டிருக்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறேன். அதுவரை ஒரு கல்லையும் நகர்த்தாதே.

பிஸந்தி


தேர் ஜுமேஸ்
பரம்ஹாத் மாதம் 6

பிஸந்திக்கு,

சுகம். இன்றைக்கு எல்லாரும் சுகம். இன்றைக்கு உன் சுகத்தைக்கூடக் கேட்கலாம் போல இருக்கிறது. சுகமா?

உன் ஆணை நேற்று வந்தது. நாங்கள் தோண்டியது முந்தாநாள். தவாத்ரோஸ் வாசிக்க, முற்றத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கோயிலைப் பூட்டச் சொல்கிறான் பார், கள்ளன் வீட்டுக்காரனுக்குப் பூட்டு அனுப்புகிற மாதிரி என்றார் உபதேசியார்.

முதல் கடப்பாரை நான் போட்டேன். பலகைக் கல் மூன்று புரண்டது. மதாம் கால்சட்டையோடு குழிக்குள் இறங்கினாள். பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி ஒன்றால் மண்ணைத் தட்டினாள். சத்தம் நின்றுபோயிற்று. குழியைப் பார்த்தால் அவள் முட்டி போட்டிருக்கிறாள், கண்ணில் தண்ணீர். அவளுக்கு நம் பேச்சு அரைகுறை.

"அம்மா, இந்தக் கல்லு... ரொம்ப ரொம்பப் பாட்டி."

"எவ்வளவு பாட்டி?"

"நீ, உன் அம்மா, அவ அம்மா... நிறுத்தாம அறுபது அம்மா."

அந்த மூன்று வரியின் பள்ளத்துக்குள் பழம்பல்லில் காறை படிந்த மாதிரி பழுப்பு ஏறியிருக்கிறதாம். உளி படாத இடம் அப்படித்தான் இருக்குமாம். பள்ளத்து அடியில் சிவப்புச் சாயம் அப்படியே நிற்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "தபீதா. எங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கை." அதற்குமேல் சிப்பாய்கள் கொன்ற வருஷம். இவ்வளவு பழைய விசுவாசிக் கல்லை இந்தக் கரையிலேயே தான் பார்த்ததில்லை என்றாள்.

நான் குலவை போட்டேன். தவக்காலத்தில் குலவை கூடாது என்று அபூனா சொல்லவில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார். வர்தா தானே போய்ச் சாய்ந்துகொண்டாள். ஹனூனா சேதி கேட்டு வந்து, கல்லைத் தொட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. நாலு பல்லும் இல்லாதவளிடம் என்ன கோபம்.

மதாம் இலாகாவுக்கு எழுதப்போகிறாள். முத்திரைக் காகிதம் வரும் என்றாள். நீ எழுதிக் கொடுத்ததை நீயே கிழித்துப் போட்டுவிடு, மானத்தோடு இருக்கலாம்.

லபீபா


தேர் ஜுமேஸ்
பரமூதா மாதம் 20

பிஸந்திக்கு,

இதை அபூனா வீட்டுக் குருவம்மா பஹீஜா எழுதுகிறாள். தவாத்ரோஸுக்கு இனி என் வாசலில் வேலை இல்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. உனக்காக வாத்து அடித்து வைத்திருந்தேன். நீ வரவில்லை, எட்டாம் நாள் லாரி வந்தது.

கண்ணாடி போட்ட அந்த அதிகாரியே வந்தார். கூட நாலு சிப்பாய், ஆறு கூலி, மூங்கில், கயிறு, வைக்கோல். நான் முத்திரைக் காகிதம் கொண்டுவருகிறார்கள் என்று கோயில் வாசலிலேயே நின்று வரவேற்றேன் பிஸந்தி. நானே தண்ணீர் கொடுத்தேன்.

"வாழ்த்துக்கள்மா. அசல்தான்னு முடிவாயிடுச்சு."

"கர்த்தர் உங்களுக்கு ஆயுசைக் குடுக்கட்டும். காகிதம் கொண்டாந்தீங்களா?"

"இருக்கு. கல்லை ஏத்துனதும் தர்றேன்."

"கல்லை எங்க ஏத்துறீங்க?"

"அசல்னா அது அரசாங்கத்துதும்மா. கெய்ரோவுக்குப் போகுது. போலியா இருந்தா நாங்க ஏன் இவ்வளவு தூரம் வர்றோம்?"

நான் கல்லைக் கட்டிக்கொண்டேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் கட்டிக்கொண்டோம். அபூனா சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார். மதாம் அக்கரையிலிருந்து ஓடிவந்து அவர்களோடு சண்டை போட்டாள். "நான் எழுதினா இங்கயே வெச்சுக் காப்பாத்துவாங்கன்னு நெனச்சேன்" என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். சிப்பாய்கள் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொருத்தியாக, அம்மா அம்மா என்று சொல்லிச் சொல்லி, கையைப் பிரித்து எடுத்து வெளியே விட்டார்கள். வர்தாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், எட்டாம் மாசம் என்று. கல்லைப் பேரீச்சம்பழ மூட்டை ஏற்றுவது மாதிரி ஏற்றிக் கயிறு இறுக்கினார்கள். மேலே ஒருத்தன் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

போகும்போது அதிகாரி காகிதம் தந்தார். வட்ட முத்திரை, நீல மை. கல் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது என்று இருக்கிறதாம். நான் கேட்டது வந்துவிட்டது. கண்ணாடி போட்டு மாட்டவில்லை, அடுப்பிலும் போடவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருக்கிறேன்.

தவாத்ரோஸை முற்றத்தில் பிடித்தேன்.

"கினாவுல என்னடா சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன் லபீபா. செவலை மாட்டுக் கதையத்தான் சொன்னேன். கூலி வாங்குறவன் நான், கேட்டா மறைக்க முடியுமா?"

"எங்க வீட்டுக் கதைய."

"நீதானே சொன்ன. நான் கேட்டு நீ சொன்னது. தோண்டுனதும் நீதானே. என் கையில கடப்பாரை இருந்துச்சா?"

அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை, அதனால்தான் இரண்டாவது அறையும் கொடுத்தேன்.

அன்று ராத்திரிதான் நீ ஏன் மாட்டைப் பற்றி எழுதினாய் என்று எனக்குப் புரிந்தது.

ஒன்று கேட்கிறேன். இது நடக்கும் என்று உனக்குத் தெரியுமா? ஆம் அல்லது இல்லை. மாடு, கண் டாக்டர் எதுவும் வேண்டாம்.

லபீபா


கெய்ரோ
15 மே 1966

அக்கா,

ஆம்.

இருபது வருஷமாக அப்படி வரும் கற்களை லாரியிலிருந்து இறக்குகிறவன் நான். எந்த ஊர்க் கல், எந்தக் கோயில் தூண் என்று சீட்டு ஒட்டுவதும் நான். பின்னால் அழுதுகொண்டே வருகிற சனத்தை வாசலில் நிறுத்துவதும் நான்தான். அசல் என்றால் எடுப்பார்கள், போலி என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம் கல்லுக்கு வேறு வழி தோன்றவில்லை.

அதைக் கடிதத்தில் எப்படி எழுதுவேன்? எழுதினால் தவாத்ரோஸ் வாசிப்பார். அபூனாவுக்கு எழுதினாலும் பை அவர் கையில். அதனால்தான் வா, வா என்று எழுதினேன்.

நீ வந்திருக்கலாமே என்று கேட்பாய். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. இது உண்மை. லீவு இல்லாமல் வந்திருக்கலாம், இதுவும் உண்மை. அந்த நேரத்தில் நான் ஊரில் தலையைக் காட்டினால் எழுதிக் கொடுத்ததைச் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுதான் காரணம்.

வேலை போய்விட்டது. இலாகாவுக்குத் தவறான வாக்குமூலம் கொடுத்ததாக விசாரித்தார்கள். "நீ வெட்டினதா இல்லையா?" என்றார்கள். வெட்டினேன் என்றேன். "அப்ப எப்படிய்யா அது அசல்?" என்றார்கள். அதற்குப் பதில் எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசி நாளில் கல்லைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. நிலவறையில், சுவர்ப் பக்கம் முகம் திருப்பி, கோணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். 4117 என்று சீட்டு. இடம் ஒழிந்தால் வைப்பார்களாம். கோணியைத் தூக்கிக் கையை விட்டு என் ஏழு வரியைத் தடவிப் பார்த்தேன். கீழே மூன்று வரிக்குக் கை போகவில்லை.

மன்னிப்பு கேட்கக் காகிதத்தில் இடம் இருக்கிறது. நீ கொடுக்க மாட்டாய் என்று தெரியும். வர்தா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதச் சொல்.

பிஸந்தி


தேர் ஜுமேஸ்
பஊனா மாதம் 3

பிஸந்திக்கு,

குருவம்மா எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் என் கோபம் என்று வைத்துக்கொள்.

வர்தாவுக்குப் பெண் பிறந்தது. உயிரோடு, பூனைக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டு. இரண்டு நாள் வலி. கோயிலுக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். அங்கே என்ன இருக்கிறது என்றேன். "குழி இருக்குல்ல" என்றாள். சுவரில் கல் இருந்த பொந்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இப்போது மற்றவர்களும் வந்து உட்காருகிறார்கள். கல் இல்லாமலும் பிள்ளை பிறக்கும் என்று புத்திசாலித்தனமாக ஏதாவது எழுதிவிடாதே. குழிக்குள் சாய்ந்தாள். நான் பார்த்தேன்.

ஏழாம் நாள் குழந்தையைச் சல்லடையில் போட்டு ஆட்டி, உரலை இடித்து, ஏழு மெழுகுவர்த்திக்கு ஏழு பெயர் வைத்துக் கொளுத்தினோம். கடைசிவரை எரிந்தது தபீதா, அதுதான் பிள்ளைக்குப் பெயர். அதை மட்டும் நான் அரை விரல் பெரிதாக வாங்கினேன் என்று ஹனூனா ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். வாங்கினேன்தான்.

தவாத்ரோஸ் குழந்தைக்கு ஒரு ஜோடி கோழி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். கோழியை உள்ளே எடுத்துக்கொண்டேன், அவனை எடுத்துக்கொள்ளவில்லை.

உன்மேல் கோபம் போகவில்லை, போகாது. என்மேலும்தான். பேரீச்சங்கொட்டையைக் காரியக்காரன் கண்ணெதிரே பிடுங்கிப் போட்டவள் நான். ஆனால் ஒரு ராத்திரி ரயில் பிஸந்தி. ஏறி வந்து என் காதில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படிக்கத் தெரியாதவளுக்கு ஜாடையில் கடிதம் எழுதினாய். அதை மன்னிக்க நான் இன்னும் எத்தனை தவக்காலம் இருக்க வேண்டுமோ.

இப்போது லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வேலைதான் இல்லையே.

மலையிலிருந்து ஒரு கல் இறக்கியிருக்கிறோம். அதே அகலம், அதே உயரம். அபூனா குழியை முழம் போட்டு அளந்தார். கல்லைக் கோயில் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறோம், ஆடு உரசுகிறது, சீக்கிரம் வா. ஏழு வரியையும் நான்தான் என் கையால் வெட்டினேன் என்று சர்க்காருக்கே எழுதிக் கொடுத்தவனுக்கு அது மறந்திருக்காது. அபீப் மாதத் திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும். மூன்று நாள் தண்ணீரும் ரொட்டியும். இந்தத் தடவை கோயில் ரொட்டிக்குக் காவல் நான்.

கீழே மூன்று வரி உனக்குத் தெரியாது. அதை வெட்டாதே. மண்ணுக்குள் போகிற பாகம் வெறுமையாகவே இருக்கட்டும்.

அன்று உன் உளியிலிருந்து விழுந்த தூசி பையில் இன்னும் இருக்கிறது. ஒரு சிட்டிகை குழந்தையின் தொட்டிலுக்குக் கட்டினேன். மீதியை எண்ணெயில் குழைத்துப் புதுப் பள்ளத்தில் தேய்ப்போம்.

இனிமேல் எவனாவது கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, இது அசலா போலியா என்று கேட்கட்டும். பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருக்கிறேன். "போலிங்கய்யா. என் தம்பி கொத்துனது. எழுதிக் குடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கான்."

சுகமா என்று கேட்கவில்லை. வந்து உன் வாயால் சொல்.

லபீபா